வாடி நிற்கும் மிளகாய்க்கு முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்து, நாலாம் நாள் பளீரென்று வெயில் அடிக்கும். அன்று பதினொரு மணிக்கு மாடிக்குப் போனால், பையில் வைத்த மிளகாய்ச் செடி தலை தொங்கி நிற்கும். அடியில் இரண்டு மூன்று இலை மஞ்சள் பாரித்திருக்கும். மண்ணைத் தொட்டால் ஈரம். ஆனாலும் வாடிய செடியைப் பார்த்ததும் கை தானாகக் குவளையைத் தேடும். பாதி பிழைத்திருக்கக்கூடிய செடியை முழுதாகச் சாகடிப்பது பெரும்பாலும் அந்தக் குவளைதான்.

காய்ந்து வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் அரை மணி, ஒரு மணியில் நிமிர்ந்துவிடும். தப்பு என்ன என்பதும் அதற்கான பதிலும் உடனே தெரிந்துவிடும். ஊறி வாடிய செடியில் அந்த வசதி இல்லை. வேர் கெட ஆரம்பித்த பல நாள் கழித்துத்தான் இலை காட்டிக்கொடுக்கும். நாம் சரியானதைச் செய்தாலும், செடி அதை ஒப்புக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து எப்சம் உப்பு, பஞ்சகவ்யம், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாகக் கலந்த 19:19:19 உரம் என்று ஒவ்வொன்றாக ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். எதுவும் ஊற்றாமல் இருப்பதுதான் இங்கே வைத்தியம் என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை.

ஈரத்தில் நின்றுகொண்டே ஏன் வாடுகிறது

வேருக்கு மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்குகள் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் வந்து சேருவது கிட்டத்தட்ட நின்றுபோகும். காற்றில் ஊடுருவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஊடுருவுவது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவு. போதாக்குறைக்கு நம் ஊர் வெப்பம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். வேர் சூடாகச் சூடாக அதன் தேவை கூடும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில், சிமெண்டுத் தளத்தின் மேல், மழை விட்ட மறுநாள் வெயிலில் நடப்பது இந்த இரண்டும் சேர்ந்துதான்.

மூச்சு முட்டிய வேர் செல்களுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. செல் சவ்வில் தண்ணீர் நுழைவதற்கென்று இருக்கும் நுண்ணிய புரத வாசல்கள் அப்போது மூடிக்கொள்கின்றன. ஆக, வேரைச் சுற்றிக் குளம் போல் தண்ணீர் நிற்கும், உள்ளே மட்டும் போகாது. மேகம் மூடிய மூன்று நாளும் இலை அதிகம் தண்ணீர் கேட்கவில்லை, அதனால் குறை வெளியே தெரியவில்லை. வெயில் வந்ததும் இலை கேட்கிறது, வேரால் கொடுக்க முடியவில்லை, செடி சாய்கிறது. அதற்குக் காரணம் வெயில் என்று நினைத்துத்தான் குவளையை எடுக்கிறோம்.

தக்காளி இதில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆக்சிஜன் இல்லாத வேரில் எத்திலீன் என்ற செடி ஹார்மோன் வாயுவின் முன்பொருள் ஒன்று சேர்ந்து, சாற்றோடு மேலே ஏறி, காற்று கிடைக்கும் இலைப்பகுதியில் எத்திலீனாக மாறுகிறது. அது இலைக்காம்பின் மேல்பக்கத்தை மட்டும் வேகமாக வளரச் செய்வதால் காம்பு கீழ்நோக்கி வளைந்துகொள்ளும். பார்வைக்கு வாடல் மாதிரியே இருக்கும். தொட்டுப் பார்த்தால் இலை விறைப்பாக, கனமாக இருக்கும். தண்ணீர் போதாத தக்காளி இலை அப்படி இருக்காது. ஈரத்துணி மாதிரி தொளதொளவென்று கையில் விழும்.

மஞ்சளுக்குக் காரணம் தழைச்சத்துத் (நைட்ரஜன்) தட்டுப்பாடு. வேர் தழைச்சத்தை இழுக்க ஆற்றல் செலவழிக்க வேண்டும்; மூச்சில்லாத வேரிடம் அந்த ஆற்றல் இல்லை. மண்ணில் தழைச்சத்து இருக்கும் வடிவமான நைட்ரேட்டில் ஒரு பங்கு மழையோடு அடித்துக்கொண்டு போகிறது. இன்னொரு பங்கை, காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் வாயுவாக மாற்றி வெளியே விட்டுவிடுகின்றன. செடி வேறு வழியில்லாமல் அடி இலைகளில் இருப்பதை உருவிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் மஞ்சள் எப்போதும் கீழிருந்து மேலே ஏறும். இதைப் பார்த்து யூரியா போடுவதில் அர்த்தமே இல்லை. எடுத்துக்கொள்ள வேர் இல்லாதபோது பந்தி வைத்து என்ன பயன்? உப்பு கூடி, மிச்சமிருக்கும் நல்ல வேர்முனையும் கருகும்.

கை வைப்பதற்கு முன்னால்

வாடல் எல்லாமே நீர்தேக்கம் இல்லை. காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன்பு செடியைப் பாருங்கள். மதியம் தொங்கி, விடியும்போது நிமிர்ந்து நின்றால் அது வெப்ப வாடல். மே மாதத்தில் கத்தரிக்கும் பூசணிக்கும் தினசரி நடப்பது, பயம் வேண்டாம். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் கோளாறு வேரில்.

அடுத்து பையைத் தூக்கிப் பாருங்கள். வெறும் விரலை விட்டுப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. குறிப்பாக தென்னைநார்க் கழிவில் வளர்ப்பவர்களுக்கு விரல் சோதனை ஏமாற்றும். தென்னைநார்க் கழிவு தன் எடையைப் போல எட்டு மடங்குவரை தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் மேல் ஒரு செ.மீ. மட்டும் அரை நாளில் வெளுத்து, காய்ந்த மாதிரி நிறம் காட்டும். அதைப் பார்த்துத் தினமும் ஊற்றிக்கொண்டே வந்தால் அடியில் சேறு. ஒரு நீளமான மூங்கில் குச்சியை விளிம்போரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சியின் கீழ்ப்பாதி கறுத்து நனைந்து, துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்கும் நாளைக்கும் தண்ணீர் கிடையாது. நுனியை முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணுக்கு மழை விட்ட வாசனை இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அடியில் காற்றே இல்லை என்று அர்த்தம்; வேர் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

இன்னும் சில சாட்சிகள் உண்டு. மண்மேல் பச்சைப்பாசி படர்ந்திருக்கும். பையைத் தட்டினால் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்பு ஈக்கள் கிளம்பும். இவற்றின் புழு ஈர மண்ணில்தான் பிழைக்கும், இளவேரையும் கடிக்கும். இலையின் அடிப்பக்கம் சொறி சொறியாகத் தக்கை மாதிரிப் புடைப்புகள் வரலாம். வேர் அனுப்பும் தண்ணீரை இலை வெளியேற்ற முடியாத ஈரப்பதமான நாட்களில் செல்கள் வெடித்து ஆறிய தழும்பு அது. நோய் என்று நினைத்து மருந்தடிக்க வேண்டாம்.

மருந்தும் காற்றும் கொடுத்தாலும் மீளாத சில வாடல்கள் உண்டு, அவற்றை இந்தக் கட்டத்திலேயே பிரித்துவிட வேண்டும். இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே, இரண்டு மூன்று நாளில் செடி முழுக்கத் துவண்டால் பாக்டீரியா வாடலைச் சந்தேகியுங்கள். தண்டின் அடியில் ஐந்து செ.மீ. துண்டு நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை மட்டும் நனையும்படி பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் இழை இழையாக இறங்கினால் ரால்ஸ்டோனியா பாக்டீரியாதான். அந்தச் செடிக்கு வைத்தியம் இல்லை. தண்டும் மண்ணும் சேரும் இடத்தில் வெள்ளைப் பூசண இழையும், அதில் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் இருந்தால் கழுத்தழுகல். வேரில் முண்டு முண்டாக முடிச்சு இருந்தால் நூற்புழு. மூன்றும் ஈரத்தோடு கூட வரக்கூடியவை என்பதால் எல்லாவற்றையும் தண்ணீர் தலையில் கட்டிவிட வேண்டாம்.

முதல் மூன்று நாள்

தண்ணீரை நிறுத்துங்கள். சொட்டுநீருக்கு டைமர் வைத்திருப்பவர்கள் அதைப் போய் அணைக்க வேண்டும். மழைக்காலத்திலும் காலை ஆறரைக்கு விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் டைமர்கள் ஊரில் ஏராளம். பைக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிறகு வடிகால் துளைகளைப் பாருங்கள். பை நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தால் துளை இருந்தும் இல்லாத மாதிரிதான். தளத்தில் பதித்த ஓடும் பையின் அடியும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு செங்கல் மேல் ஏற்றி, துளை இருக்கும் இடம் அந்தரத்தில் வருமாறு வையுங்கள். 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் வளர்ப்பவர்கள் பலர் பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே துளை போட்டிருப்பார்கள். அந்த ஒரு அங்குலத் தண்ணீர் எப்போதும் அங்கேயே நிற்கும். துளை அடித்தட்டிலேயே இருக்க வேண்டும், 10 மி.மீ. அளவில் ஐந்தாறு. வேரும் நாரும் அடைத்திருந்தால் கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள்.

அடுத்தது, பையைச் சாய்ப்பது. சுவரோரமாக 45 டிகிரி சாய்த்து, ஒரு துளை மிகத் தாழ்வாக வரும்படி அரை மணி வைத்தால், நேராக நின்றபோது ஒரு சொட்டுகூட விடாத பையிலிருந்து தம்ளர் கணக்கில் தண்ணீர் இறங்கும். இதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

செடியை வெளிச்சமான நிழலுக்கு மாற்றுங்கள், மூன்றிலிருந்து ஐந்து நாள். இருட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம்; காற்று ஓட வேண்டும், உச்சிவெயில் மட்டும் படக்கூடாது. வேர் கொடுக்க முடியாததை இலை கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். காயையும் பூவையும் கிள்ளிவிடுங்கள். மிளகாயில் பத்துக் காய் தொங்கும்போது மனசு வராதுதான், ஆனால் காய்தான் முதலில் பங்கு கேட்கும். முழுக்க மஞ்சளான இலை ஒருபோதும் பச்சையாகாது, அதை எடுக்கலாம். பாதி பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள், அதிலிருந்து இன்னும் செடிக்குச் சத்து போய்க்கொண்டிருக்கும்.

மேல்மண்ணை முள்கரண்டியால் இரண்டு செ.மீ. ஆழத்துக்குக் கிளறிவிடலாம். அதற்குமேல் ஆழமாகக் குத்தினால் இருக்கிற வேரும் அறும். மூடாக்கு போட்டிருந்தால் தற்காலிகமாக அள்ளி எடுத்துவிடுங்கள்.

லேசான கேஸ் என்றால் இதோடு முடிந்தது. நாலைந்து நாளில் பை எடை குறையும், கொழுந்து நிமிரும்.

வேரைப் பார்க்க வேண்டிய நிலை

நாற்றம் அடித்தாலோ, ஐந்து நாள் கழித்தும் விடியற்காலையில் தொங்கிக்கொண்டிருந்தாலோ, செடியை வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டும். மாலை வேளையில் செய்யுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. பையைப் படுக்க வைத்து, ஓரத்தைத் தட்டி, உருண்டையோடு சறுக்கி வெளியே எடுக்க வேண்டும். பை பழசு என்றால் கிழித்துவிடுவதே மேல்.

நல்ல வேர் வெள்ளை அல்லது வெளிர் கிரீம் நிறத்தில், வளைத்தால் விறைப்பாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பு. இரண்டு விரலால் பிடித்து லேசாக உருவினால் மேல்தோல் வழவழவென்று கழன்று கையோடு வந்துவிடும், நடுவில் இருக்கும் நரம்பு மட்டும் இழையாக மிஞ்சும். பிதியம் என்ற பூசண வகை செய்யும் வேலை இது. தேங்கிய தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும் வித்துகள் அதற்கு உண்டு. நம் வெப்பமும் அதற்குப் பிடித்தமானது. செம்மண் அதிகம் உள்ள கலவையில் மண்ணின் நிறம் வேரில் ஏறியிருக்கும், அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் உருவிப் பாருங்கள்.

பழுப்பாகிக் கழல்வதை எல்லாம் கத்தரியால் வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரியை டெட்டால் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ துடைக்க வேண்டும். பாதிக்குமேல் வேர் நன்றாக இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கால்பங்குதான் மிச்சம் என்றால் மேலே உள்ள தழையிலும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட வேண்டும். அதற்கும் கீழே என்றால், தக்காளியில் பக்கக்கிளை ஒன்றை ஒடித்துப் புதிதாக வேர் விடவைப்பது சுலபம். தக்காளித் தண்டு எங்கே ஈரம் பட்டாலும் வேர் விடும். மிளகாயில் அது அவ்வளவு எளிதாக வராது.

வெட்டிய செடியை முன்பு இருந்ததைவிடச் சின்னத் தொட்டியில், புதுக் கலவையில் வையுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: நோயாளிக்கு நல்ல இடம் கொடுப்பதாக நினைத்துப் பெரிய பைக்கு மாற்றுவார்கள். வேர் எட்டாத மண்ணில் இருக்கும் தண்ணீரைக் குடிக்க ஆளில்லை, அது அப்படியே தேங்கி மறுபடி அழுகலைக் கூட்டும். மூன்று இலை நாற்றை நேராக 12 அங்குலப் பையில் நடுவதிலும் இதே சிக்கல்தான். முதலில் நாலு அங்குலக் கோப்பை, வேர் சுற்றிய பிறகு பெரிய பை.

மருந்து வேண்டுமா? அழுகல் கண்ணால் தெரிந்தால் மட்டும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து, மாற்றி நட்ட பிறகு தண்டோரமாக ஊற்றலாம். ஏற்கெனவே ஊறிக்கிடக்கும் பையிலேயே இதை ஊற்றுவது வீண். மருந்தோடு சேர்த்து இன்னும் அரை லிட்டர் தண்ணீரும் போகிறது. ஊற்றியபின் காய் பறிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று உறையில் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். இரசாயனம் வேண்டாம் என்பவர்கள் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலவையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வயலுக்குச் சொல்லும் கணக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழு உரத்தோடு கலப்பது. அதையே சுருக்கினால் ஒரு கிலோ மட்கிய எருவுக்கு 50 கிராம். ஆனால் காப்பரும் டிரைக்கோடெர்மாவும் ஒரே நேரத்தில் கூடாது. முன்னது பூசணக்கொல்லி, பின்னது பூசணம். நடுவில் பதினைந்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. கொஞ்ச நேரம் நுரைத்து ஆக்சிஜன் விடும், அதோடு சரி. தண்ணீர் தேங்கும் காரணம் அப்படியே இருக்கும்போது ஒரு மணி நேர ஆக்சிஜனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, நல்ல நுண்ணுயிரிகளும் சேர்ந்து போகும்.

அடியில் ஜல்லி போடுவது

தொட்டியின் அடியில் ஓட்டுத்துண்டும் ஜல்லியும் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பாட்டி காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. துளையை மண் அடைக்காமல் இருக்க ஒரே ஒரு ஓட்டுத்துண்டு சரி. ஐந்து செ.மீ. ஜல்லிப் படுகை போடுவது எதிர்வேலை செய்யும்.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை முழுக்க நனைத்து, கிடைமட்டமாக உள்ளங்கையில் வைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது அதை நீளவாக்கில் நிமிர்த்துங்கள்: மறுபடி சொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம் மட்டும் கூடியிருக்கிறது. எந்தக் கலவையாக இருந்தாலும், வடிந்து முடிந்த பிறகும் அடியில் சில செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தொங்கிக்கொண்டே நிற்கும். மண் துகளின் ஈர்ப்பு புவியீர்ப்பைவிட அங்கே பலமாக இருப்பதுதான் காரணம். இந்த உயரத்தை நிர்ணயிப்பது கலவையின் நயம். தொட்டியின் உயரத்துக்கு அதில் பங்கில்லை. நயமான கலவையில் அதிகம், கரகரப்பான கலவையில் குறைவு. ஆகவே பத்து செ.மீ. ஆழக் கீரைத் தட்டில் பாதியே சேறாக இருக்கும், 30 செ.மீ. பையில் அதே சேறு அடியோடு நின்றுவிடும்.

ஜல்லி போட்டால் என்ன ஆகிறது? நயமான மண்ணிலிருந்து பெரிய இடுக்குள்ள ஜல்லிக்குள் தண்ணீர் எளிதாக இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டும். தொங்கும் தண்ணீர் ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்கான மண் ஐந்து செ.மீ. குறைந்தது, சேறு அப்படியே இருக்கிறது. பையைச் சாய்த்தால் தண்ணீர் இறங்குவதும் இந்தக் கணக்கில்தான்: மூலைக்கு மூலை உயரம் கூடுகிறது, சேறு ஒரு சிறு மூலைக்குச் சுருங்குகிறது.

மாற்ற முடியாத பெரிய தொட்டிகளுக்குத் திரி வைக்கும் உத்தி ஒன்று உண்டு. பழைய பருத்தி வேட்டியிலிருந்து இரண்டு செ.மீ. அகலத்தில் நாடா கிழித்து, நனைத்து, வடிகால் துளை வழியாக உள்ளே ஐந்தாறு செ.மீ. குச்சியால் தள்ளிவிடுங்கள். மறுமுனை தொட்டியின் அடிக்குக் கீழே 15 செ.மீ. தொங்க வேண்டும், தொட்டியை அதற்கேற்ற உயரத்தில் ஏற்றி வையுங்கள். தொங்கும் தண்ணீருக்கு இறங்க வழி கிடைத்துவிடும், திரி நுனியில் சொட்டுவது கண்ணுக்கே தெரியும். பருத்தி ஒரு பருவத்தில் மட்கிவிடும், அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

கலவை

தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தொகுப்பில் வரும் இரண்டு கிலோ தென்னைநார்க் கட்டி ஊறினால் ஏறத்தாழ 25 லிட்டர் ஆகும். அதை மட்டும் வைத்துப் பை நிரப்பினால் கோடையில் வரம், மழையில் சாபம். சென்னையை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 12 அங்குலப் பையின் வாய் 0.07 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மி.மீ. பெய்தால் பைக்குள் ஏழு லிட்டர். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளுக்கு இடையே தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பெய்த 49 செ.மீ. மழை, 18 லிட்டர் மண் கொள்ளும் பைக்குள் 34 லிட்டருக்கு மேல் தண்ணீரை இறக்கியிருக்கும்.

ஆகவே வடகிழக்குப் பருவமழைக்குள் நுழையும் பைக்குத் தென்னைநார் மூன்றில் ஒரு பங்கு போதும். இன்னொரு பங்கு நன்றாக மட்கிய, சலித்த எரு. மூன்றாவது பங்கு காற்றுக்கானது: கரகரப்பான மணல், பெர்லைட் என்ற வெள்ளை எரிமலைக்கல் துகள், அல்லது உமிக்கரி. உமிக்கரி மலிவு, எடையும் குறைவு. ஆனால் கறுப்பாகக் கருகியதாக இருக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாகும்வரை எரித்தால் துளைகளை அடைக்கும், காரத்தன்மையும் ஏறும். ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்குகிறவர்கள் அதை அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் கலந்திருக்கும் கல்மாவு தண்ணீரோடு இறங்கி அடியில் சிமெண்டு போலப் படியும். வாளியில் போட்டுக் கலக்கி, கலங்கல் நீரை மூன்று நாலு முறை இறுத்தால் மிஞ்சுவதுதான் மணல். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் இன்னும் நயம், தொடவே வேண்டாம்.

கொழுந்து மஞ்சளானால் கதை வேறு

அடி இலைக்குப் பதிலாக நுனிக் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. போர் தண்ணீரின் பைகார்பனேட்டும் காரத்தன்மையும் அதைப் பூட்டிவைத்திருக்கும். ஈரம் தேங்கிக் கெட்ட வேர் இதை மோசமாக்கும். முதலில் வடிகாலைச் சரிசெய்யுங்கள். பிறகு இரும்பு சல்பேட் ஐந்து கிராம், சிட்ரிக் அமிலம் ஒரு கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் பாய்ச்சுவதற்கு அதைவிட நல்லது கிடையாது.

கறிவேப்பிலையில் மார்கழி, தை மாதங்களில் வரும் மஞ்சளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிரில் அது வளர்ச்சியை அடக்கிக்கொள்ளும், பழைய இலையைக் கொட்டும். தண்ணீர்த் தேவை அப்போது மிகக் குறைவு. கொட்டுகிறதே என்று வாரம் இரண்டு முறை புளித்த மோரும் தினம் ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தால், மாசியில் துளிர்த்திருக்க வேண்டிய செடி வேர் அழுகிப் போகும். சும்மா விட்டாலே போதும்.

மறுபடி தண்ணீர் எப்போது

மேலே நாலைந்து செ.மீ. காய்ந்து, தூக்கினால் பை லேசாக இருக்கும்போது. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. முழுக்க நனைத்து வடிந்து முடிந்த பை ஒன்பது கிலோ என்று வையுங்கள். அது ஆறரைக்கு வந்தால் ஊற்றலாம். உங்கள் பைக்கு உங்கள் எண் வேறாக இருக்கும், இரண்டு முறை நிறுத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிக்காமல், ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு அடித்துளையில் வெளியே வரும்வரை மெதுவாக ஊற்றி, பிறகு காயவிட வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுவதுதான் ஊறலுக்கு அஸ்திவாரம். காய்க்கிற மிளகாய் மே மாதத்தில் நாளுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர்கூடக் குடிக்கும். அதே செடிக்குக் கார்த்திகை மப்பில் மூன்று நாளைக்கு ஒருமுறை கால் லிட்டரே அதிகம். பொழுது சாயும் முன் ஈரம் குறையட்டும் என்பதால் காலை நேரமே சரி.

உரம் ஆரம்பிக்கப் புதுக் கொழுந்து இரண்டு விரியட்டும். வேர் தேறும்வரை இலைவழியாகக் கொடுப்பது நல்லது: 19:19:19 லிட்டருக்கு இரண்டு கிராம், அல்லது பஞ்சகவ்யம் 30 மி.லி., பத்து நாளுக்கு ஒருமுறை. மண்ணில் போடுவதை மேலும் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

இத்தனையும் செய்து போகிற செடி போகும். பைக் கலவையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வேரைப் பொறுக்கிவிட்டு, பங்குனி, சித்திரை வெயிலில் தளத்தில் பத்து செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, லேசாக ஈரமாக்கி, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் கல் வைத்து நாலிலிருந்து ஆறு வாரம் விட்டால் பெரும்பாலான பூசணமும் நூற்புழுவும் அடங்கும். கறுப்பு விரிப்பைவிட ஒளி புகும் விரிப்பில்தான் சூடு ஏறும். தம்ளர் சோதனையில் பால் இழை இறங்கிய செடியின் கலவை மட்டும் விதிவிலக்கு. அதை மற்ற பைகளோடு கலக்காமல் தனியாக வைத்து, கீரையோ செண்டுமல்லியோ போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் அதில் வேண்டாம்.